நன்னா இருக்கு

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும்போதெல்லாம் எனக்குத் தைல வாசனை அடிக்கும். அங்கே அப்படி ஒரு வாசனையே கிடையாது. எல்லாம் அந்தப் பெயர் செய்யும் வேலை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கி, பிறகு தொழிலை மதராசுக்கே கொண்டுவந்தவர். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே பழக்கினார் என்பார்கள். பல்லவி முடிவதற்குள் பாதிப் பேருக்குத் தலை வலித்திருக்கும். ஆள் தெரிந்து செய்த விளம்பரம்.

தாத்தா சபாவுக்குப் போனால் அந்தத் தைலத்தின் குட்டி பாட்டிலும் இடுப்பில் போகும். மூடி துருப்பிடித்து, விளிம்பில் மஞ்சள் பிசுக்கு காய்ந்திருக்கும். ஆனால் அவரிடமிருந்து எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது வேறு விளம்பரம்: டிவியில் நரசுஸ் காபிக்கு வந்த 'பேஷ் பேஷ், ரொம்ப நன்னா இருக்கு'.

நரசுஸ் சேலத்துக் கம்பெனி. சேலத்தில் எத்தனை பேர் 'நன்னா' என்பார்கள்? மயிலாப்பூர் மாட வீதி நாக்கைக் கடன் வாங்கித் தமிழ்நாடு முழுக்க விற்றார்கள். என் கோவில்பட்டி நண்பன் பிரியாணிக்கும் அதையே சொல்கிறான்.

இதில் வேடிக்கை, பாட்டி பாக்கெட் காபித்தூள் வாங்கியதே இல்லை. மாட வீதியில் கண்ணெதிரே வறுத்து அரைக்க வேண்டும். சிக்கரி கொஞ்சம் கூடினாலும் கடைக்காரரோடு சண்டை. அந்தக் காபியைக் குடித்து, டபராவைக் கீழே வைத்துவிட்டுத்தான் தாத்தா 'பேஷ் பேஷ்' என்பார்.

"ஏன்னா, இது அந்தக் காபி இல்லை."

"தெரியும்டி. சொல்றதுக்கு நன்னா இருக்கே!"

விளம்பரம் ஜெயித்ததா, தோற்றதா? விற்றவருக்கு நஷ்டம்தான். ஆனால் பொருளை விட்டு வார்த்தை கழன்று நம் வாய்க்கு வந்துவிட்டால், அப்புறம் அது போகாது. உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரில் அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று ஆளாளுக்கு 'நீ குழந்தையா இருந்தப்போ இதைத்தான் கொடுத்தேன்' என்பார்களே, எங்கள் வீட்டில் மிளகு ரசத்துக்குக்கூட அந்த வசனம்தான். தி.நகர் பலகைகளில் நடிகை முகம் நிற்கிறது, கடைப்பெயர் ரங்கநாதன் தெரு திரும்புவதற்குள் மறந்துவிடுகிறது. வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் பேப்பரில் தன் சிரித்த முகத்தையே போட்டார். அது மறக்கவில்லை.

போன வாரம் நடை முடிந்து, லஸ்ஸில் ஒரு மருந்துக்கடையில் "தலைவலிக்கு ஏதாவது" என்றேன். பையன் பெயரே கேட்காமல் அந்த மஞ்சள் தைலத்தை எடுத்து வைத்தான். வீட்டில் காபித்தூளும் தீர்ந்திருந்தது. அதற்கு மாட வீதிக்குத்தான் போனேன்.