ஹம்பி: கோட்டை இடிந்தது, வாய்க்கால் ஓடுகிறது

கர்நாடகத்தின் ஹொசப்பேட்டையிலிருந்து 13 கி.மீ. தொலைவில், துங்கபத்திரை ஆற்றின் தென்கரையில் உள்ளது ஹம்பி. 1336-இல் தோன்றிய விஜயநகரப் பேரரசின் தலைநகரம் இது. நம் மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் முதலில் இந்த நகரத்துக்குக் கட்டுப்பட்டவர்களே. 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற பிறகு நகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. எஞ்சிய இடிபாடுகளை 1986-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

திருவண்ணாமலை மாவட்டத்து ஏரிப்பாசன ஊர் ஒன்றின் விவசாயிகள், சம்பா அறுவடை முடிந்த கையோடு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் பேருந்து அமர்த்தி ஹம்பிக்குப் புறப்பட்டார்கள். இரவெல்லாம் பயணம். விடிந்ததும் விருபாட்சர் கோயில்.

சுற்றிலும் எல்லாம் இடிந்து கிடக்க, இந்தக் கோயிலில் இன்றும் பூசை நடக்கிறது. உள்ளே ஓர் இருட்டறைச் சுவரில் ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழுகிறது. எதிர்ச்சுவரில் உள்ள சிறு துளை வழியாக வெளிச்சம் வருவதே காரணம். குழந்தைகளை அங்கிருந்து நகர்த்துவது பெரும்பாடாகிவிட்டது.

அடுத்து, கிருஷ்ணதேவராயர் 1513-இல் எழுப்பிய கிருஷ்ணர் கோயில். இதன் பிராகாரத்தில் குவிமாடங்கள் கொண்ட ஒரு கட்டடம் இருக்கிறது. தானியக் களஞ்சியம் என்று வழிகாட்டி சொன்னதும், சிற்பங்களை விட்டுவிட்டுப் பாதிப் பேர் அங்கே போய் நின்றார்கள். சற்றுத் தள்ளி ஒரே கல்லில் செதுக்கிய 22 அடி உயர நரசிம்மர். பக்கத்திலேயே படவி லிங்கம். லிங்கத்தின் அடிப்பாகம் எப்போதும் தண்ணீரில் நிற்கிறது.

"இந்தத் தண்ணி எங்கேருந்து தம்பி வருது?" என்று கேட்டார் ஒரு மூதாட்டி.

"வாய்க்கால் தண்ணிதாம்மா. ஆத்துலேருந்து தானா வருது, மோட்டார் கிடையாது" என்றார் வழிகாட்டி.

அதன்பிறகு எல்லோருடைய கண்ணும் வாய்க்காலைத்தான் தேடியது. துங்கபத்திரையில் பாறைகளுக்கு இடையே கற்களை அடுக்கித் தாழ்வான அணைக்கட்டுகள் கட்டி, நிலத்தின் சரிவைப் பார்த்து வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் விஜயநகரத்தார். அவற்றுள் ஒன்றான துர்த்து வாய்க்கால், கோயில் பகுதிக்கும் அரண்மனைப் பகுதிக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கில் இன்றும் பாய்கிறது. மண்டபங்களை ஒட்டி வாழை, கரும்பு, தென்னை, நெல். நகருக்கு நடுவிலேயே வயலையும் வைத்திருந்ததால் முற்றுகை வந்தாலும் சோற்றுக்குப் பஞ்சமிருக்காது.

அரண்மனைப் பகுதியிலும் தண்ணீர் வேலைப்பாடுதான் மனதில் நிற்கிறது. மகாநவமி மேடைக்கு அருகே கருங்கல் படிக்குளம் ஒன்றை 1980-களில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். எந்தக் கல் எந்தத் திசையில், எந்த வரிசையில் வரவேண்டும் என்று கற்களிலேயே குறி பொறித்திருக்கிறார்கள். குளத்துக்கு நீர் கொண்டுவந்த கல்தொட்டிக் கால்வாய், தூண்கள் மேல் இன்னும் நிற்கிறது. ஆனால் அரசர் வாழ்ந்த மாளிகைகளில் அடித்தளம் மட்டுமே மிச்சம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் விட்டலர் கோயில். 50 ரூபாய் நோட்டில் உள்ள கல்தேர் இங்கேதான் இருக்கிறது. பலரும் நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

திரும்பும் வழியில் துங்கபத்திரை அணை. 1953-இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்ட இந்த அணைக்கு 33 மதகுகள். 2024 ஆகஸ்டில் 19-ஆவது மதகின் சங்கிலி அறுந்து, மதகே வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஒரு வாரம் போராடித் தற்காலிகத் தடுப்பு பொருத்தினார்கள். அதற்குள் ஏராளமான நீர் வீணானது. பழையதோ புதியதோ, பராமரிப்பு இல்லாவிட்டால் எந்த நீர்நிலையும் நிற்காது. துர்த்து வாய்க்கால் 500 ஆண்டுகளுக்கு மேலாகப் பாய்வதற்கு ராயர் வெட்டியது மட்டும் காரணமல்ல. அரசு போய் அரசு வந்தபோதும், அந்தத் தண்ணீரை நம்பிய உழவர்கள் அதைத் தூர்ந்துபோக விடவில்லை.

பேருந்தில் பேச்சு சொந்த ஊர் ஏரிக்குத் திரும்பியது. வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம். கரையை யார் வெட்டிச் சேர்த்துக்கொண்டது என்ற சண்டையில், தூர்வாரும் வேலை சில ஆண்டுகளாக நின்றுபோயிருந்தது.

"ஐந்நூறு வருசத்து வாய்க்கால் ஓடுது. நம்மளால ஒரு கிலோமீட்டரு காலைச் சுத்தம் பண்ண முடியலையே அண்ணே" என்றார் ஊர் நீர்க்கட்டி.

பதில் சொல்ல வேண்டியவர் முன் இருக்கையில்தான் இருந்தார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "சித்திரையில அளந்து பார்ப்போம். என் பக்கம் வந்தா விட்டுடறேன்" என்றார்.

போக விரும்புவோருக்கு: ஐப்பசி முதல் மாசி வரை ஏற்ற காலம். கோடையில் பாறைகள் அனலாய்க் கொதிக்கும். தொப்பி, குடிநீர் அவசியம். விட்டலர் கோயிலில் வாங்கும் நுழைவுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால், அன்றே தாமரை மகால், யானைக் கொட்டில் ஆகியவற்றையும் பார்க்கலாம். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து விட்டலர் கோயில் வரை பேட்டரி வண்டி ஓடுகிறது. இசைத்தூண்களைத் தட்டக் கூடாது. வழிகாட்டியிடம் வாய்க்காலையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கோயில்களோடு முடித்துவிடுவார்கள்.