கிணற்றிற் கிடைத்த கல்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாட் காலை, ஆய்வுகூட வாயிலில் மாணவனொருவன் எமக்காகக் காத்து நின்றான். வவுனியாப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து விடுதியிலே தங்கிப் படிக்கும் பிள்ளை. பழஞ்சாரத் துண்டிற் பொதிந்த கல்லொன்றை எடுத்து நீட்டினான்.

"சேர், இதை ஒருவருக்கும் காட்டவேண்டாமென்று அப்பா சொன்னவர்."

கரிய கல். மஞ்சட்பொடி தூவினாற்போல இடையிடையே மினுங்கிற்று. கிணறு வெட்டும்போது பன்னிரண்டாம் அடியிற் கிடைத்ததாம். தகப்பனார் அன்றே கூலியாட்களை அனுப்பிவிட்டுக் கிணற்றின் வாயைக் கிடுகினால் மூடிவிட்டார். மிளகாய்க் கன்றுகள் நீரின்றி வாடிக்கொண்டிருந்தன. கிணற்றுச் செலவுக்காகத் தாயின் சங்கிலி அடைவில் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லையே கண்டு பழகிய எமக்கும் ஒரு கணம் நெஞ்சு படபடத்தது என்பதை மறைப்பானேன்!

கல்லை யன்னலோரத்து வெயிலிற் பிடித்து மெல்லத் திருப்பினோம். பொன்னாயின் எப்பக்கந் திருப்பினும், நிழலிற் பிடித்தாலுங்கூட, மஞ்சள் நிறம் மாறாது. இதுவோ ஒருகாற் பளிச்சிட்டு மறுகால் அணைந்தது. பின்னர் உருப்பெருக்குக் கண்ணாடியின்கீழ் வைத்து ஊசிமுனையாற் குத்தினோம். பொன் மென்மையான உலோகம். ஊசி பட்டாற் குழி விழும், தட்டினால் தகடாகும். ‘மூடரின் பொன்’ என்று மேனாட்டார் பரிகசிக்கும் இரும்புக் கந்தகக்கல் ஊசிக்கு மசியாது, சுத்தியலுக்குத் தூளாகும், மெருகிடாத பீங்கானில் உரைத்தாற் கரும்பச்சைக் கோடு விடும். எமது ஊசியின்கீழ் நிகழ்ந்தது வேறு. வெங்காயத் தோல்போல இதழிதழாக உரிந்தது. அப்பிரகம்! கரிய அப்பிரகம் மண்ணில் ஊறி உக்கும்போது இவ்வாறு பொன்னிறம் பெறுவதுண்டு.

மாணவன் விடவில்லை. ஆர்க்கிமிடீசின் முறைப்படி நிறுத்தான். வளியில் 570 கிராம், நீரில் 370. ஆகவே தன்னீர்ப்பு 2.85. பொன்னுக்கோ 19.3. ஆயினும், கல்லினுள்ளே சிறு துகளாகப் பொன் இருப்பின் இக்கணக்கு அதனைக் காட்டிக்கொடாது. வகுப்பில் நாம் மிக விரும்பிக் கற்பிக்கும் சோதனை இவ்விடத்தில் அவ்வளவாக உதவவில்லை.

சனிக்கிழமை தகப்பனார் வந்தார். யாவற்றையும் கேட்டபின், "மாஸ்ரர், கண்ணுக்குத் தெரியாமலும் பொன் இருக்குமாமே?" என்றார்.

இல்லையென்று சொல்லியிருந்தால் விடயம் முடிந்திருக்கும். பொய் சொல்ல மனம் இசையவில்லை. "இருக்கலாம். கல்லைப் பொடித்து ஈயத்தோடு உருக்கிப் பார்த்தாற்றான் தெரியும். ஆனால் நீங்கள் கண்ட மினுக்கம் பொன்னில்லை" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லே அவர் காதில் ஏறிற்று!

ஆகவே அவருக்குப் புரோபிசரின் கதையைச் சொன்னோம். 1576 இல் அந்த ஆங்கில மாலுமியின் கப்பல் கனடாவின் வடக்கேயுள்ள பாபின் தீவிலிருந்து இதேபோன்ற கருங்கல்லொன்றைக் கொணர்ந்தது. சோதித்த வேறு சிலர் பொன் இல்லை என்றனர். ஒருவர் மட்டும் உண்டென்றார். அவருடைய சொல்லே எடுபட்டது. 1578 இல் 15 கப்பல்கள் புறப்பட்டன. ஆயிரந் தொன்னுக்கு மேற்பட்ட கல் வந்து சேர்ந்தது. உலை கட்டி உருக்கியும் பயனில்லை. ஈற்றில் அக்கற்கள் தெருவுக்குப் போடப்பட்டன. பெரும்பணம் முதலிட்ட மைக்கேல் லொக் என்னும் வணிகர் கடனுக்காகச் சிறை புகுந்தார்.

தகப்பனார் நெடுநேரம் பேசாதிருந்தார். "அந்த மனிசனுக்குப் பிள்ளைகள் இருந்தவையோ?" என்று மட்டும் கேட்டார்.

"15 பேர்" என்றோம்.

கல்லை மீண்டும் சாரத்துண்டிற் பொதிந்துகொண்டு எழுந்து போனார்.

அடுத்த மாதம், கிணற்றில் 21 அடியில் நீர் கண்டதென்று மாணவன் வந்து சொன்னான். கல்லை எறிந்துவிட்டார்களோ என்று வினவினோம்.

"இல்லை சேர். அம்மா அதைச் சாமியறை வாசலிலே வைத்திருக்கிறா."