ஒன்பதாவது மாடியும் தாத்தா மாடியும்

மூன்றாவது வாரம். அவரவர் வீட்டைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாம் ஒன்பதாவது மாடியில் குடியிருப்பதாக இத்தாலிய மொழியில் சொன்னார். அவர் சொல்ல நினைத்தது அதுதான். வாயில் வந்தது, "நான் தாத்தா மாடியில் குடியிருக்கிறேன்."

இத்தாலிய மொழியில் ‘நோனோ’ என்றால் ஒன்பதாவது. ‘நொன்னோ’ என்றால் தாத்தா. ஒரு மெய்யெழுத்து கூடியதில் மாடி தாத்தாவுக்குச் சொந்தமாகிவிட்டது. என்ன நடந்தது என்று புரிந்ததும் வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆசிரியை மட்டும், "அப்படியா, ஒன்பதாவது மாடியா? அங்கிருந்து கடல் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியும். ஒன்பதாவது மாடி, உயரம்தானே" என்றார் இளைஞர். இந்த முறை சரியான ‘நோனோ’. தப்பு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

அந்தச் சின்ன நிகழ்ச்சி இரண்டு வாரம் கழித்து என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து நிற்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

துவாஸில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. பிஸ்கட்டைப் பொட்டலமிடும் எங்கள் இயந்திரங்கள் இத்தாலியின் பொலோனியா வட்டாரத்திலிருந்து வந்தவை. பொட்டலமிடும் இயந்திரங்களுக்கு அந்த வட்டாரம் உலக அளவில் பெயர் பெற்றது. இயந்திரம் மக்கர் செய்தால் காணொளியில் அங்குள்ள தொழில்நுட்பர்களோடு பேசுவோம். ஆங்கிலத்தில் தொடங்குவார்கள். சிக்கல் முற்றினால் தங்களுக்குள் இத்தாலிய மொழிக்குத் தாவிவிடுவார்கள். நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு வாயைப் பார்த்து நிற்பேன். நிறுவனம் பாதிக் கட்டணம் தருவதாகச் சொன்னதும் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு வாரம், வாரம் இரண்டு மணி நேரம்.

வகுப்பில் எட்டுப் பேர். இத்தாலியரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் சீனப் பெண், மிலானுக்கு வடிவமைப்புப் படிக்கப்போகும் மலாய் மாணவி, ஆப்பரா பாட்டு புரிய வேண்டும் என்று வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று ஆளுக்கொரு காரணம். ஆசிரியை இத்தாலியில் பிறந்து வளர்ந்தவர். முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார். கை, முகம், வெள்ளைப் பலகை, இத்தாலிய மொழி, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது. தமிழ் தெரிந்தவனுக்கு இத்தாலிய மொழியில் சில கதவுகள் தாமாகவே திறக்கின்றன. ‘பார்லோ’ என்றால் பேசுகிறேன். ‘பார்லியாமோ’ என்றால் பேசுகிறோம். ‘நான்’, ‘நாம்’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. வினையின் வாலைப் பார்த்தாலே ஆள் தெரிந்துவிடும். ஒற்றை மெய்க்கும் இரட்டை மெய்க்கும் உள்ள வேறுபாடு மற்றவர்களுக்குப் பெரும் பாடு. இலையும் இல்லையும், பலியும் பல்லியும் கேட்டு வளர்ந்த காதுக்கு நோனோவும் நொன்னோவும் ஒரு பொருட்டா?

‘மி பியாச்சே’ வந்தபோது இன்னும் சுலபம். காப்பி பிடிக்கும் என்று சொல்ல, ‘மி பியாச்சே இல் கஃபே’. ‘மி’ என்றால் எனக்கு. ஆங்கில வழியில் யோசித்தவர்கள் ‘நான்’ என்று தொடங்கித் தடுமாறினார்கள். எனக்கோ ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்பதை அப்படியே மாற்றினால் போதும்.

கர்வம் ஐந்தாவது வாரம் கலைந்தது. பொலோனியாவில் எனக்கொரு நண்பர் இருக்கிறார் என்று சொன்னேன். நண்பர் என்பதற்கு இத்தாலியச் சொல்லில் வருவது வல்லோசையுள்ள ஒற்றைக் ககரம். தமிழ் நாக்குக்கு இது பழக்கமில்லை. ‘பக்கம்’ என்று இரட்டித்தால் வன்மையாகச் சொல்வோம். ‘பகல்’ என்று ஒற்றையாக வந்தால் தானாகவே மென்மையாகிவிடும். நான் மென்மையாக்கிச் சொன்னது ‘அமிகோ’ என்ற ஸ்பானியச் சொல்லாகிவிட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர், "ஸ்பெயினுக்குப் போய்விட்டீர்களே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை வழக்கம்போல, "உங்கள் நண்பர் பொலோனியாவில் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் சரியான உச்சரிப்பு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

அன்று எம்ஆர்டியில் வீடு திரும்பும்போதுதான் என் மகளின் நினைவு வந்தது.

அவள் இப்போது உயர்நிலை ஒன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தீபாவளியன்று உறவினர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். சன்னல் பக்கம் நின்றவள், "பாட்டி, மலை பெய்யுது" என்றாள். வீடே சிரித்தது. அதில் உரக்கச் சிரித்தவன் நான். "எங்கே, எந்த மலை விழுது, காட்டு பார்ப்போம்" என்று வேறு சொன்னேன். அதோடு விட்டேனா? அந்த வருடம் போன வீட்டிலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஆர்வமே இல்லை" என்று நான் பலரிடம் அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

மலையும் மழையும், நோனோவும் நொன்னோவும் ஒரே மாதிரித் தவறுதான். வகுப்பு இளைஞர் சிரிப்பில் கலந்துகொண்டார், அடுத்த வாக்கியத்துக்குப் போனார். என் மகளால் ஏன் முடியவில்லை? எங்கள் வகுப்பில் எட்டுப் பேருமே தடுக்கி விழுகிறவர்கள். இன்று அவர், நாளை நான். மொழி தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் சிரிக்காதவர். எங்கள் வீட்டிலோ விழுகிறவள் அவள் ஒருத்தி. நாங்கள் அத்தனை பேரும் நடுவர்கள். எட்டு நடுவர்களுக்கு நடுவில் தனியாக நின்று நானும் இத்தாலிய மொழி பேசியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் உறைத்தது. தொடக்கநிலையில் படிக்கும்போது அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள்: "‘நான் பார்த்தேன்’னு சொல்றோம். ஆனா ‘எனக்குத் தெரியும்’னு சொல்றோம். ஏன்பா ஒண்ணுல ‘நான்’, ஒண்ணுல ‘எனக்கு’?" நான் சொன்ன பதில், "அப்படித்தான் சொல்லணும்." தாய்மொழி என்பதால் எனக்குச் சரி எது என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

‘மி பியாச்சே’ பாடத்தில் அதே கேள்வியைச் சீனப் பெண் கேட்டார். ஆசிரியை பலகையில் ஒரு காப்பிக் கோப்பையை வரைந்து, அதிலிருந்து மனிதனை நோக்கி அம்புக்குறி போட்டார். காப்பிதான் இங்கே வேலை செய்கிறது. அதன் இனிமை எனக்கு வந்து சேர்கிறது. தெரியும், பிடிக்கும், பசிக்கிறது எல்லாம் நமக்கு நேர்பவை. பார்த்தேன், ஓடினேன் என்பவை நாம் செய்பவை. என் மகளுக்கான பதில் எனக்கு இத்தாலிய வகுப்பில் கிடைத்தது.

இடைவேளையில் ஆசிரியையிடம் இதைப் பற்றிப் பேசினேன். பேசத் தெரிந்தால் கற்றுத்தரவும் முடியும் என்றுதான் தாமும் நினைத்திருந்ததாகச் சொன்னார். கற்பிக்கப் பயிற்சி எடுத்தபோதுதான் சொந்த மொழியை வெளியிலிருந்து பார்த்தாராம். சியேனா நகரில் வெளிநாட்டவருக்கான பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. இத்தாலிய மொழியைப் பிறருக்குக் கற்பிப்பவர்களுக்கென்றே அது ‘டிடால்ஸ்’ என்ற சான்றிதழ்த் தேர்வு நடத்துகிறது. பிறவியிலேயே மொழி தெரிந்தவர்களுக்கும் அது தேவைப்படுகிறது.

கடைசி வகுப்பில் ஆளுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். நான் வீரமாமுனிவரைத் தேர்ந்தெடுத்தேன். 1680ஆம் ஆண்டு வட இத்தாலியின் காஸ்தில்யோனே என்ற ஊரில் பிறந்த பெஸ்கி, முப்பது வயதையொட்டித் தமிழகத்துக்கு வந்தார். தமிழைப் பெரியவராகி, பிறர் சொல்லிக் கேட்டுக் கற்றவர். 3,600க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட தேம்பாவணியும், 1732இல் சதுரகராதியும் அவர் தந்தவை. செந்தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், மக்கள் பேசும் தமிழுக்கும் தனியாக ஓர் இலக்கணம் எழுதினார்.

வரவேற்பறையில் நடந்துகொண்டே ஒத்திகை பார்த்தேன். மகள் சோபாவில் கைப்பேசியோடு இருந்தாள். திடீரென்று எழுந்து வந்து என் தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்பா, இங்க டபள் எல் இருக்கு. நீங்க ஒண்ணுதான் சொல்றீங்க." பிறகு, "யாரு இந்தப் பெஸ்கி?" என்றாள்.

"பரமார்த்த குரு கதை படிச்சிருக்கியே, அதை எழுதினவர்."

"அது இத்தாலிக்காரரா எழுதினாரு?"

இரண்டு ஆண்டுகளில் அவள் என்னோடு தமிழில் பேசிய முதல் உரையாடல் அது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அந்த அளவுக்காவது கற்றிருந்தேன். அன்றிரவு தீபாவளியன்று சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஓகே, பா" என்றாள். அது ஆங்கிலம்தான். பரவாயில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்று பிள்ளைகளும் என் அம்மாவும் சேர்ந்து சமைக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள். பாட்டிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மூவருக்கும் தமிழ் தடுமாறும். மற்றப் பெரியவர்களுக்கு அந்த அறையில் இடமில்லை.

போன வாரம் நான் வெளியே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வானம் இருட்டியது. உள்ளே மகளின் குரல் கேட்டது. மலைக்கும் மழைக்கும் நடுவில் ஏதோ ஒன்று பெய்கிறது என்றாள்.

"ஆமாம்மா, மழை பெய்யுது. துணியெல்லாம் நனையும், சன்னலைச் சாத்து" என்றார் என் அம்மா.

சன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. சீட்டாட்டம் தொடர்ந்தது.