கரையும் மண்

புனே அருகே முலா, பவனா ஆறுகளை ஒட்டிய சாங்வியில் கணபதியை வழியனுப்பும் நாளில், ஷாடூ களிமண் பிள்ளையாருக்கு ஆரத்தி காட்டித் தண்ணீரில் இறக்குகிறார்கள். பிறகு கரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அதே பலகையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது மராத்தியர் வழக்கம். உருவம் போய்விட்டது, மண் திரும்புகிறது. பூதங்களை மன முழுமையின் குறியீடாகப் பேசும் ஆழ்மன உளவியலில் பலர் தவறவிடுவது இந்தக் கரைதலைத்தான் என்பது என் எண்ணம். வட்டத்தை நான்காகப் பிரித்து, நிலம், நீர், தீ, காற்று என்று எழுதிவிட்டால் முழுமை கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த உளவியலின் முன்னோடி கார்ல் யுங் சொன்னது அவ்வளவு சுலபமானதல்ல. சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு ஆகிய நான்கு மனச் செயல்களில் ஒன்று எப்போதும் பின்தங்கிக் கிடக்கும், அதன் வழியாகத்தான் முழுமைக்குப் போக முடியும் என்றார் அவர். அந்த வழிக்கான படிமத்தை அவர் ரசவாதத்தில் தேடினார்; 1938 ஜனவரியில் அறிவியல் மாநாட்டுக்காகக் கல்கத்தா வந்த பயணத்திலும் அவர் கையில் இருந்தது ஒரு லத்தீன் ரசவாதத் தொகுப்பு. ரசவாதியின் உலையில் பொருள் கருகியும் கரைந்தும்தான் மறுபடி கூடும்.

யுங்குக்கு நான்கு, நமக்கு ஐந்து, இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று கேட்கலாம். வலிந்து பொருத்த வேண்டியதில்லை. ஐந்தாவது சாரம் ஒன்றை ரசவாதிகளும் தேடினார்கள். நம் ஐந்தாவது ஆகாயம்: அதன் தலமான சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது பொன் வில்வமாலை தொங்கும் வெறும் வெளி. மற்ற பூதங்களுக்கு இடம் தருவதே அதன் வேலை. காஞ்சி ஏகாம்பரநாதர் மணல் லிங்கம் என்பதால் நீராட்டு ஆவுடையாருக்குத்தான். ஒரு பூதம் இன்னொன்றை அழிக்கும் என்பது அங்கே வழிபாட்டு முறையிலேயே இருக்கிறது. காஞ்சி காப்பாற்றுகிறது, சாங்வி கரைக்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அறிவு: பூதங்கள் ஒன்றோடொன்று மோதுபவை, மனமும் அப்படித்தான்.

இன்னொரு மறுப்பு வலுவானது. 1789இல் வேதியியலாளர் லவாய்சியே தனிமங்களின் பட்டியலை வெளியிட்ட பிறகு, பழைய பூதங்களுக்கு என்ன மதிப்பு? வேதியியலாக எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மண் நீரில் கரையும் என்பதை எந்தப் பட்டியலும் மாற்றவில்லை. குறியீட்டுக்கு அந்த மெய்யான குணம் போதும், அது கட்டாயம் வேண்டியதும்கூட. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையைப் பாருங்கள். ஆற்றில் இறக்கினாலும் எளிதில் கரையாமல், கையும் தும்பிக்கையும் உடைந்து சேற்றில் கிடக்கிறது. சடங்கில் ஒரு சொல்கூடக் குறையவில்லை, ஆனாலும் விசர்ஜனம் நடக்கவில்லை.