நோவாத கட்டி

நோகின்ற வியாதிக்கு வைத்தியரைத் தேடாதவர் இலர். நோவு இல்லாத வியாதி வந்துற்றாலோ, "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று நாட்களைக் கடத்துகிறோம். அவ்விதம் மற்றொருவருடைய நாட்கள் வீணாய்க் கழிந்ததில் நமக்கும் ஒரு பங்குண்டு. அதனை ஒளியாது உரைக்கவே இதனை எழுதப் புகுந்தோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்திலே கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆங்கிலப் பள்ளியிற் பயின்றவர் என்பதனால், கடிதம் படிக்கவும், மனு எழுதவும், மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியுள்ளதை விளக்கவும் லயத்து மக்கள் நம்மையே நாடுவர். தெரிந்ததைச் சொல்வோம். தெரியாததையும் சில வேளைகளில் தெரிந்தது போலவே சொல்வோம்.

ஒரு நாள் குலை வெட்டும் வாலிபர் ஒருவர் அலுவலகத்திற்கு வந்தார். வயது 26. "கிராணி ஐயா, கக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது, போகமாட்டேன் என்கிறது" என்றார். நாம் கணக்கேட்டினின்றும் தலை நிமிராமலே, "பனை முள் குத்தியிருக்கும், தம்பி, தானே வற்றிவிடும்" என்றோம். படித்தவர் சொன்னாரென்று அவரும் போய்விட்டார்.

இரண்டு மாதங் கழிந்தது. அவர் மதுவை அடியோடு விட்டுவிட்டார் என்று கேள்வியுற்று மகிழ்ந்தோம். பெரட்டுக் களத்தில் பலர் முன்னிலையில் அவரைப் பாராட்டி, மதுவிலக்கின் மாண்பைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசவும் செய்தோம். அவரோ கூச்சத்துடன், "குடித்தால் கக்கத்துக் கட்டி வலிக்கிறது, ஐயா, அதனாலேதான்" என்றார். யாவரும் நகைத்தனர். நாமும் நகைத்து, "கட்டிக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லாமற் போயிற்றே!" என்றோம். அந்தச் சொல் இன்றும் நம் நெஞ்சை அறுக்கின்றது.

பின்னும் ஒரு திங்கள் சென்றபின் அவருடைய தாயார் வந்தார். மகனுக்கு மாலைதோறும் காய்ச்சல் காய்வதையும், இரவில் பாய் நனையுமளவுக்கு வியர்ப்பதையும், காற்சட்டை இடுப்பில் நில்லாமல் இளைத்துவிட்டதையும் சொன்னார். கண்ணேறு கழித்தாயிற்று, கயிறும் கட்டியாயிற்று. அந்த அம்மையாரின் அறியாமையைக் கடிந்துகொள்ள நாம் வாய் திறந்தோம். ஆனால், நம்மிடம் வந்தபின்னன்றோ அவர்கள் பூசாரியிடம் போயினர் என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டியைத் தொட்டுப் பார்த்து, "ரப்பர் போலிருக்கிறது" என்றார். இவ்வியாதிக் கட்டியை வைத்திய நூல்களும் அவ்வாறே வருணிக்கின்றன என்று பின்னர் அறிந்தோம். மூன்று தலைமுறை பால் மரம் சீவிய குடும்பத்தார்க்கு அச்சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

நம் சரீரத்தில் இரத்தக் குழாய்களேயன்றி, நிணநீர் ஓடும் நுண்ணிய குழாய்களும் உண்டு. விரல் நுனியிற் புறப்படும் நீர் கையின் வழியே அக்குளுக்கு ஏறி, முடிவில் கழுத்தடியிலுள்ள பெரு நாளத்தில் கலக்கின்றது. இவ்வழியிலே காவற் சாவடிகள் போல நிணநீர்க் கணுக்கள் அமைந்துள்ளன. முழங்கையின் உட்புறத்தில் சிலவும், ஒவ்வோர் அக்குளிலும் ஏறக்குறைய 20 முதல் 30 வரையும் உண்டு. முள் குத்தினாலோ பூனை கீறினாலோ, உட்புகும் கிருமிகளை எதிர்த்து இக்கணுக்கள் வீங்கும், தொட்டால் நோகும், புண் ஆறினால் சில வாரங்களில் வற்றும். இதுவே நாம் அறிந்த நெறி கட்டுதல். காவற்காரராகிய வெள்ளணுக்களே நெறி தவறிப் பெருகினால் உண்டாவது நிணநீர்ப் புற்று. அப்போது புண் இராது; பெரும்பாலும் நோவும் இராது; கட்டி மட்டும் வளரும்.

ஒரு கணுவை முழுதாய் வெட்டியெடுத்து நுண்நோக்கியிற் பார்த்தனர். ஹாட்ஜ்கின் நோய் என்று தெரிந்தது. இது பெரும்பாலும் கழுத்திலே தோன்றும்; அக்குளில் மாத்திரம் தோன்றுவது அரிது. மது அருந்தியவுடன் கட்டி நோவது இந்நோயாளருள் மிகச் சிலர்க்கே உண்டாகும் அடையாளமாம். நாம் மதுவிலக்குப் பேசி நகைத்தது அந்த அடையாளத்தைக் கண்டே!

1832ஆம் ஆண்டில் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் வைத்தியர் 7 பேருடைய நோயை ஆராய்ந்து இதனை விவரித்தார். 1865இல் சாமுவேல் வில்க்ஸ் இதற்கு அவர் பெயரையே சூட்டினார். நெடுங்காலம் தக்க மருந்தில்லை. 1942இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில், வேறொரு வகை நிணநீர்ப் புற்றால் அக்குட் கட்டிகள் பெருத்து, கைகளை மார்பின்மேல் கட்டவும் இயலாதிருந்த ஒருவருக்கு, யுத்த விஷ வாயுவின் இனமான ஒரு மருந்தை ஊசி மூலம் ஏற்றினர். சில நாட்களில் கட்டிகள் சுருங்கின. ஆயினும் நோய் மீண்டது. அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். யுத்த இரகசியமென்று மறைக்கப்பட்ட இவ்வாராய்ச்சி 1946இலேதான் வெளியாயிற்று. அன்று திறந்த வழியே பின்வந்தோர் பல மருந்துகளைக் கலந்து கொடுத்து, ஹாட்ஜ்கின் நோயைக் குணப்படுத்தக் கற்றனர்.

"பிழைப்பானா?" என்று தாயார் நம்மைப் பார்த்தே கேட்டார். நாவின் நுனியில் ஆறுதல் மொழி ஆயத்தமாயிருந்தது. அதனை விழுங்கிவிட்டு, வினாவை அப்படியே டாக்டரிடம் கேட்டோம். "பெரும்பாலோர் குணமடைகிறார்கள், ஆனால் சிகிச்சை நீண்டது, இடையில் நிறுத்தலாகாது, இது தொற்று நோயுமன்று" என்றார். கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னோம். தனிக்குவளை வைத்திருந்த அண்டை வீட்டாருக்கும் அவ்வாறே சொன்னோம்.

பதினைந்து நாட்களுக்கொரு முறையாக மருந்தேற்றி முடிந்தது. கொட்டிய தலைமயிர் மீண்டும் முளைத்துள்ளது. வாலிபர் இப்போது இலேசான வேலைக்கு வருகிறார். டாக்டர் குறித்த நாட்களில் தவறாமற் சென்று பரிசோதித்துக் கொள்கிறார்.

அன்பர்களே, நெறி கட்டுவதெல்லாம் புற்றன்று. காசநோயாயினும் கணுக்கள் இவ்வாறு வீங்கும். இன்னதென்று பிரித்தறிவது டாக்டரின் வேலை, கிராணியின் வேலையன்று. நான்கு வாரத்திற்கு மேல் நிலைத்த கட்டியையும், நோவில்லாமல் வளரும் கட்டியையும், காரணமின்றி வரும் காய்ச்சல், இரவு வியர்வை, இளைப்பு ஆகியவற்றையும் அசட்டை செய்யற்க.

அந்த வாலிபர் இன்று வரை நம்மை ஒரு சொல்லும் குறை கூறியதில்லை. இன்றும் கடிதத்தை நம்மிடமே கொண்டுவந்து நீட்டுகிறார். இப்போது கணக்கேட்டை மூடிவைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தே வாங்குகிறோம்.