கண்ணாடி ஓடு

சென்ற சித்திரையில் ஒருநாள், பிற்பகல் 3 மணிக்கு, என் தங்கை மகள் வேலை பார்க்கும் சென்னை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அடி முதல் முடி வரை கண்ணாடியால் எழுப்பிய கட்டிடம். வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளேயோ திரைகளையெல்லாம் இறக்கிவிட்டு, பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்! சூரியனை விருந்துக்கு அழைத்துவிட்டு, அவன் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்ட கதைதான்.

அவளுக்கு விளக்கொளியில் ஓயாத தலைவலி. மூன்று வருஷம் காத்திருந்து மேற்குச் சன்னலோரத்து நாற்காலியைப் பெற்றவள். காலையில் அங்கே வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும்; மத்தியானம் வரை திரையைத் தூக்கி வைத்திருப்பாளாம்.

"மாமா, இந்தப் பக்கம் மின்சாரம் தரும் கண்ணாடி மாற்றப் போகிறார்களாம். இருக்கிற வெளிச்சமும் போய்விடுமோ?" என்றாள்.

நியாயமான கவலை. அந்தக் கண்ணாடியில் சிலிக்கான் சில்லுகளை இடைவெளி விட்டுப் பதிப்பார்கள்; அல்லது மெல்லிய படலமாகப் பூசி, நுண்ணிய கோடுகளாகச் சுரண்டி ஒளிக்கு வழி விடுவார்கள். மின்சாரமாக மாறிய ஒளி மேஜைக்கு வராது. கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை மட்டும் பிடிக்கும் கண்ணாடியும் உண்டு. அதன் விளைச்சல் குறைவு.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் 2014-இல் திறந்த மாநாட்டு மண்டபத்தின் மேற்கு முகப்பில் சுமார் 300 சதுர மீட்டருக்கு வண்ண மின்கண்ணாடி பதித்தார்கள். அக்கழகப் பேராசிரியர் மிக்கேல் கிரெட்செல், பிரயன் ஓரீகனுடன் 1991-இல் வெளியிட்ட சாய மின்கலத்தின் வழிவந்தவை அவை. ஆட்கள் வந்து போகும் கூடத்துக்கு அந்தச் சிவப்பும் பச்சையும் சோபைதான். நாள் முழுவதும் எண்களைப் பார்க்கும் கண்ணுக்கு?

ஒளியை அளவும் இடமும் அறிந்து வாங்கவேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் என் தாயார். எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் கீழே உட்கார்ந்துதான் அரிசியில் கல் பொறுக்குவாள். "எல்லாமே கண்ணாடி ஓடாகப் போட்டால் என்னம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "அப்புறம் அடுப்பு எதற்கடா?" என்றாள்.

அதையே தங்கை மகளிடம் வேறு விதமாகச் சொன்னேன். மேஜை மட்டத்துக்குக் கீழே வெளிச்சம் தேவையில்லை. அங்கே ஒளி புகாத முழு மின்தகடு போடட்டும். கண்ணுக்கு நேரே, மாலை வெயில் குத்தும் இடத்தில், பாதி ஒளி விடும் கண்ணாடி. அதற்கு மேலே தெளிந்த கண்ணாடி. அதன் அடியில் ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் பட்ட ஒளி உட்கூரைக்குத் தாவி, அறையின் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கிடைக்கும்.

எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாளாம். பதில் இன்னும் வரவில்லை. நேற்றும் தலைவலி மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனாள்.