கராடியும் கட்கியும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கத்துச் செயலாளர் கேட்டபோது, புனேயைச் சுற்றியுள்ள கோட்டைகளைப் பற்றி எழுதலாமென்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அவற்றை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியது ஒரு பொய்யைப் பற்றி.

முதலாண்டில் எனக்கு அறை கிடைத்தது கராடியில். வந்திறங்கிய அன்றிரவே வேலூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். தாத்தாவுக்குக் காது சற்று மந்தம். "எங்கே தங்கியிருக்கிறாய்?" என்றார். "கராடி" என்றேன். "கட்கியா! என் கட்கியா!" என்று அவர் கூவியது இன்றும் என் காதில் ஒலிக்கிறது. திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. "ஆமாம் தாத்தா" என்றுவிட்டேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் கிர்க்கி என்று பெயர் பெற்ற பாளையம் அது. 1869-இல் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டது. அந்த ஆலையில்தான் தாத்தா 1963 முதல் 1979 வரை வேலை பார்த்தார். வேலை என்று அவர் சொல்வதே இல்லை. "டீமில் இருந்தேன்" என்றுதான் சொல்வார். ஆலைத் தொழிலாளர்களின் ஹாக்கி சீனியர் டீம். அதில் அவர் லெப்ட் இன். (வளைகோற்பந்து என்று எழுதினால் நம் தமிழாசிரியர் மகிழ்வார்; தாத்தாவுக்குப் புரியாது.) இரவு ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே மைதானம். முறிந்த மட்டைக்கு நூல் சுற்றி, பசை தடவி, வெயிலில் காயவைத்து மறுபடி ஆடுவது. இவற்றில் பாதி கதையென்றே நாங்கள் பேரப்பிள்ளைகள் எண்ணியிருந்தோம்.

பொய் வளர்ந்தது. "மைதானம் எப்படியிருக்கிறது?" "நன்றாக இருக்கிறது தாத்தா." "சரளைக்கல் பொறுக்குகிறார்களா?" "பொறுக்குகிறார்கள்." ஒரு முறைகூட நான் கட்கிக்குப் போனதில்லை. கராடி நகரின் கிழக்குக் கோடி. கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் நிறைந்த இடம். அங்கே சரளைக்கல்லைத் தேடினாலும் கிடைக்காது.

சென்ற மார்கழியில் தாத்தா படுக்கையில் விழுந்தார். "கொஞ்சம் மண் எடுத்து வா" என்று கேட்டாராம். அம்மா சொன்னபோது என் முகம் எப்படி ஆயிற்றோ தெரியாது. மறுநாள் ஞாயிறு. எரவாடா வழியாகச் சென்று ஹோல்கர் பாலத்தைக் கடந்து கட்கியில் இறங்கினேன்.

ஆலைக்குள் நம்மைப் போன்றவர்கள் நுழைய முடியாது, காவல் உண்டு. வெளியே ஒரு தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர் தமிழ் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். பாதித் தமிழும் பாதி மராத்தியுமாகப் பேசினார். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். நினைவில்லை என்றார். "லெப்ட் இன் ஆடினாராம்" என்றேன்.

"இங்கேயிருந்து ஊருக்குப் போன எல்லாரும் லெப்ட் இன்தான், தம்பி!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

ஆனால் நூல் சுற்றிய மட்டை மெய். ஷிப்டு முடிந்து ஓடியதும் மெய். இந்த ஆலையின் குடியிருப்பில்தான், மைதானப் பராமரிப்புப் பணியாளர் நாகலிங்கம் பிள்ளையின் மகனாகத் தன்ராஜ் பிள்ளை வளர்ந்தார். அவரும் உடைந்த மட்டையும் பிறர் எறிந்த பந்துமாகத் தொடங்கியவரே. 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்குகள். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கம். ஏதென்ஸில் அவருடன் ஆடிய விக்ரம் பிள்ளையும் கட்கிக்காரரே. தன்ராஜ் பேரைக் கேட்டால் தாத்தாவின் முகத்தில் பெருமையோடு சிறு பொறாமையும் தோன்றும்: "நான் வந்த பிறகல்லவா அவன் பெரியவனானான்!"

ஆலை டீம்களின் நல்ல காலம் ஏன் போயிற்று என்று கேட்டேன். முதியவர் காலால் தரையைத் தட்டிக் காட்டினார். 1976-இல் மாண்ட்ரீலில் ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறிற்று. அதுவரை ஏழு தங்கம் வென்ற நம் நாடு அம்முறை ஏழாவது இடம். மண்ணில் பந்து துள்ளும். அதை மணிக்கட்டால் அடக்குவது நம்மவர் வித்தை. புல்தரையில் பந்து வழுக்கி விரையும். ஓட்டமும் பலமும் வேண்டும். அத்தகைய தரை போடப் பெரும்பணம் வேண்டும். ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி எங்கே போவான்? இப்போது பிம்ப்ரியில் தரை உண்டு. அது கட்கியன்று.

அருகிலிருந்த ஒரு திடலுக்கு என்னை அழைத்துப் போனார். திடல் முழுதும் கிரிக்கெட். ஒரு மூலையில் மட்டும் நான்கு சிறுவர்கள் ஹாக்கி மட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். கைக்குட்டையில் மண் அள்ளினேன். சரளையும் சேர்ந்தே வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். முடிச்சைத் தாத்தாவின் கையில் வைத்து, கராடி வேறு, கட்கி வேறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. சரளையை மட்டும் விரலால் பொறுக்கித் தனியே வைத்தார்.

"நான்கு பேரா ஆடினார்கள்?"

"நான்கு பேர், தாத்தா."

"எந்த மூலையில்?" என்றார்.